வெள்ளைப் பைப்பு

விம்கோ நகர்
11 ஆகஸ்ட் 2025

பாபு,

உன் போன் ஃபிரிட்ஜ் மேல் கிடக்கிறது. சார்ஜ் இறங்கி அணைந்துவிட்டது. அதனால் காகிதம்.

பேஸ்மேக்கர் வைத்தவர்கள் போனைச் சட்டையின் இடது பையில் வைக்க வேண்டாம், வெல்டிங் செய்ய வேண்டாம். டாக்டர் சொன்னது இந்த இரண்டுதான். நீ போனையே துறந்துவிட்டாய். வீட்டில் மிக்ஸி ஓடினால் வாசலுக்குப் போனாய். பக்கத்துக் கடையில் கிரைண்டர் ஓடினால் தெருமுனைக்கு. இப்போது பழவேற்காடு, அக்கா வீடு. மின்சார ரயில் வேண்டாம் என்று பஸ் மாறி மாறிப் போயிருக்கிறாய்.

கிளம்பும்போது உன்னைப் பயந்தாங்கொள்ளி என்று சொன்னேன். அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறேன்.

விஷயம் வேறு. மீன் மார்க்கெட் அம்முக்கா வந்தாள். படியில் உட்கார்ந்து வெற்றிலை மடித்தாள்.

“உன் வூட்டுக்காரன் எப்போ வரான்?”

“தெரியலக்கா.”

“மழைக்குள்ள ஸ்டாண்டு வோணும் குழலி. போன வருசம் கூடையோட மெதந்துகினு போச்சு. செத்த மீனு நீந்தி நான் அன்னிக்குத்தான் பாத்தேன்.”

முழங்கால் உயரத்தில் இரும்பு ஸ்டாண்டு, கூடை வைக்க. அவளுக்கும் அவள் வரிசையில் உட்காரும் பெண்களுக்கும். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் நீயே கடைச் சுவரில் அளவு கிறுக்கியிருக்கிறாய்.

கீழே உன் வெல்டிங் கடையில் பெரிய மிஷின் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. வெளிவேலைக்கு வாங்கிய சின்ன மிஷினை மேசை மேல் வைத்தேன். டிபன் கேரியரைவிடக் கொஞ்சம்தான் பெரிது. இதற்குள்ளா அவ்வளவு வெளிச்சம் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்னும் ப்ளக் சொருகவில்லை.

கல்லூரியில் இந்த செமஸ்டர் என்னைக் கூப்பிடவில்லை. வரலாறு நடத்தக் கெஸ்ட் லெக்சரர் தேவையில்லையாம். நேரம் இருக்கிறது. கைகள் இருக்கின்றன.

எப்படி என்று எழுது.

குழலி


பழவேற்காடு
16 ஆகஸ்ட்

குழலி,

பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டர் எழுதியதோடு சரி. அதனால் சுருக்கமாக.

மிஷினைத் தொடாதே. அம்முக்கா வேலையைத் தண்டையார்பேட்டை யாசினிடம் கொடு. சின்னதையும் பெரியதையும் அவனுக்கே விற்றுவிடு.

கரண்டு உனக்குப் புத்தகத்தில் தெரியும். எனக்கு உடம்பில் தெரியும். அது வழி கேட்டுக்கொண்டு போகாது. எந்தப் பக்கம் இடம் கிடைக்கிறதோ அந்தப் பக்கம் போகும். இப்போது என் தோளுக்குக் கீழே ஒரு பெட்டி, அதிலிருந்து இதயத்துக்குள் ஒயர். கீழே நீ நெருப்பு வைப்பாய், மேலே நான் படுத்திருக்க வேண்டும். அந்த வீட்டில் என்னால் தூங்க முடியாது.

நேராகச் சொல்கிறேன். அந்த மிஷின் அந்த வீட்டில் இருந்தால் நான் வரமாட்டேன்.

இங்கே எல்லாரும் நலம். மாமா கிருஷ்ணப்பன் வலை பின்னுகிறார். கரண்டு கட் ஆனால் எனக்கு நிம்மதி. அக்கா திட்டுகிறாள்.

டில்லிபாபு

எப்படியும் நீ கேட்கமாட்டாய். சொருகுவதாக இருந்தால் ஹாலில் இருக்கும் ஜங்ஷன் பாக்ஸில் சொருகாதே. அது டி.வி.க்குப் போட்ட ஒயர். உருகும்.


விம்கோ நகர்
20 ஆகஸ்ட்

பாபு,

கையெழுத்துக்குக் கீழே எழுதிய நான்கு வரியை மட்டும் பல முறை படித்தேன். மேலே இருப்பதை ஒரு முறை.

யாசினிடம் போனேன். துறைமுகத்தில் அவனுக்கு வருஷக் கடைசிவரை வேலையாம். “அண்ணிக்கு நான் இன்னாத்த சொல்றது, அண்ணன் கையில இருக்குற சுத்தம் என்கிட்ட லேது” என்று சிரித்தான். விற்கும் பேச்சை நான் எடுக்கவில்லை.

எலக்ட்ரீஷியன் மஜீது பாயைக் கூட்டிவந்து மீட்டரிலிருந்து தனி லைன் இழுத்தாயிற்று. தடித்த ஒயர். பெரிய பாயிண்ட். தனி ட்ரிப்பர். கசிவு வந்தால் கண் இமைக்கும் முன் அணைக்கும் ஒரு சுவிட்ச். பழைய எர்த் குழியைத் தோண்டிப் பார்த்தார். கடல் காற்றில் கம்பி அரித்துப் பாதி இல்லை. புதிதாக அடித்தார்.

“இத்தினி நாளு பாபு எர்த் இல்லாமத்தான் ஓட்டிகினு இருந்தானா?” என்றார்.

கேள்வி உனக்குத்தான். நீ சொல்.

மேலே வீடு, கீழே கடை. இதை எப்படிச் சேர்த்து வைப்பது என்று எனக்கும் தெரியவில்லை. உன்னை வெளியே நிறுத்துவதற்காக இதைத் தொடவில்லை. ஒரு வேலை பாதியில் நிற்கிறது. என்னால் அதைத் தாண்டி மாடிப்படி ஏற முடியவில்லை.

அடுத்து என்ன செய்ய வேண்டும்?

குழலி


பழவேற்காடு
25 ஆகஸ்ட்

குழலி,

மஜீது பாய் சொன்னதை இரண்டு முறை படித்தேன். அந்தக் குழியை நான் ஒரு முறைகூடத் திறந்து பார்க்கவில்லை.

நான் எழுதாவிட்டால் நீ யூடியூப் பார்த்துச் செய்வாய். அதற்கு இது மேல். ஒவ்வொன்றாகப் படி. வேகமாகப் படிக்காதே.

நைலான், பாலியஸ்டர் உடம்பில் இருக்கக் கூடாது. பொறி விழுந்தால் துணி உருகித் தோலோடு ஒட்டும். என் காக்கிச் சட்டை பருத்தி. அதைப் போட்டுக்கொள். பொத்தான் கழுத்துவரை. பேன்ட்டை ஷூவுக்குள் விடாதே, ஷூவுக்கு வெளியே தொங்கட்டும், பொறி உள்ளே இறங்காது. செருப்பு கூடவே கூடாது. துப்பட்டா கூடாது. முடியைக் கட்டி மூடு. வளையல், மோதிரம், கழுத்துச் செயின், உலோகம் எதுவும் வேண்டாம்.

காலுக்கடியில் காய்ந்த பலகை. கையுறையும் காய்ந்திருக்க வேண்டும். நம்ம ஊர் வேர்வைக்கு அரை மணியில் நனைந்துவிடும், இரண்டு ஜோடி வைத்துக்கொள். ராடு மாற்றும்போதும் கையுறை. ராடு பிடிக்கும் ஹோல்டரை அக்குளில் இடுக்காதே. நான் இடுக்குவேன், பார்த்திருப்பாய். நீ செய்யாதே. கேபிளைத் தோளில் சுற்றாதே.

மிஷினோடு வரும் எர்த் கிளாம்பை நீ பற்றவைக்கிற இரும்பிலேயே மாட்டு. பெயின்ட், துரு சுரண்டிவிட்டு. சோம்பல்பட்டு ஷட்டர் சட்டத்தில் மாட்டாதே, தண்ணீர்ப் பைப்பில் மாட்டாதே. போன கரண்டு திரும்பி வர நீ வழி வைக்க வேண்டும். வைக்காவிட்டால் அதுவே ஒன்று தேடிக்கொள்ளும்.

ரெண்டரை எம்.எம். ராடு. எண்பது ஆம்பியரில் ஆரம்பி. பைப் ஓட்டை விழுந்தால் எழுபது. ராடு நமுத்திருந்தால் வெடிக்கும், மொட்டை மாடி வெயில் போதாது, புதுப் பாக்கெட் வாங்கு. மிஷின் பத்து நிமிஷத்தில் ஆறு நிமிஷம்தான் உழைக்கும். மிச்சம் அது மூச்சு வாங்க. நீயும் வாங்கு.

முகக் கவசத்தில் பதினோராம் நம்பர் கறுப்புக் கண்ணாடி. அது இல்லாமல் ஒரு தடவைகூடப் பார்க்காதே. ஒட்டின் மேல் படியும் கசடை, ஸ்லாக்கை, தட்டும்போது வெள்ளைக் கண்ணாடி. சூடாக இருக்கும்போது அது கண்ணைத் தேடித்தான் தெறிக்கும்.

தின்னர் டப்பா, கோணி, அட்டை எல்லாவற்றையும் வெளியே எடு. மணல் வாளி பக்கத்தில். மணலி ஃபேக்டரிகளிலிருந்து வரும் பழைய எண்ணெய் டிரம் எதையாவது யாராவது பற்றவைக்கச் சொன்னால், கழுவியிருக்கிறேன் என்று சொன்னாலும், முடியாது என்று சொல், வெடிக்கும். வேலை முடிந்து அரை மணி நேரம் அங்கேயே இரு. பொறி ஒளிந்துகொண்டு நேரம் பார்க்கும்.

முக்கியமாக இது. ஷட்டரை இறக்கிவிட்டுச் செய். நான் தெருவில் போட்டுச் செய்வேன், எதிர் வீட்டுப் பசங்களை அதட்டி விரட்ட எனக்குக் குரல் இருந்தது. நீ கவசத்துக்குள் இருந்தால் யார் பார்க்கிறார்கள் என்று உனக்குத் தெரியாது. ஒரு குழந்தை கண்ணைக் கெடுத்துக்கொண்டால் அந்தத் தெருவில் நாம் இருக்க முடியாது. வெளிச்சம் வெளியே போகக் கூடாது.

வரமாட்டேன் என்று சொன்னது அப்படியேதான் இருக்கிறது.

டில்லிபாபு


விம்கோ நகர்
1 செப்டம்பர்

பாபு,

இன்று.

உன் காக்கிச் சட்டை. முழங்கைவரை மடிக்காமல். கழுத்துச் செயின் வேண்டாம் என்று எழுதினாய். அதில் எது கோத்திருக்கிறது என்று எழுதும்போது யோசித்தாயா? கழற்றினேன். மஞ்சள் கயிற்றில் விரலி மஞ்சள் கோத்துச் சட்டைக்குள் விட்டேன். கயிறு பருத்தி, உருகாது.

அம்முக்கா என் வெறுங்கழுத்தைப் பார்த்துவிட்டாள். “அடியே, அவன் நல்லாத்தானே கீறான்?” என்று நெஞ்சில் கை வைத்தாள். கயிற்றை வெளியே இழுத்துக் காட்டினேன். “அத்த மொதல்ல காட்டு. எனக்கும் அவனாட்டம் நெஞ்சுல மிஷினு வெக்கணும் போல” என்றாள்.

ஷட்டரை இறக்கினேன். பலகை மேல் நின்றேன். கவசத்தை இறக்கினேன்.

இருட்டு. இவ்வளவு இருட்டு என்று நீ எழுதவில்லை. கை எங்கே, மேசை எங்கே, நான் எங்கே. தீக்குச்சி போல உரசு என்று யாரோ சொன்ன ஞாபகம். உரசினேன். ராடு ஒட்டிக்கொண்டது. முறுக்கிப் பிடுங்கினேன். மறுபடி ஒட்டியது. மூன்றாவது முறையும். மிஷின் முனகியது. அழுகை வந்தது. கவசத்துக்குள் அழுதால் மூக்கைத் துடைக்க முடியாது.

பிறகு ஒரு முறை ராடு கொஞ்சம் விலகியது.

அப்போது.

எப்படி எழுதுவது. இருட்டுக்கு நடுவில் ஒரு பச்சைப் புள்ளி. அதற்குள் இரும்பு தண்ணீராக இருந்தது. ஒரு பருப்பளவு குளம். அதன் கரை நகர்ந்தது. என் கை நகர்ந்ததால் நகர்ந்தது. பின்னால் அது உறைந்துகொண்டே வந்தது, அலை அலையாக. மூச்சு விடவில்லை. தெரு இல்லை, லாரி இல்லை, கல்லூரி இல்லை. வரலாறு என்று இத்தனை நாள் எதைப் படித்தேன். இரும்பு உருகிய நாளிலிருந்து எல்லாமே இந்தக் குளத்தின் கரைதானே.

ராடு தீர்ந்தது. மறுபடி இருட்டு.

கவசத்தைத் தூக்கிப் பார்த்தால் காக்கா எச்சம் போல ஒரு கோடு. தட்டிப் பார்த்தேன், ஸ்லாக் உதிர்ந்தது. அடியில் ஓரிடத்தில், ஒரு விரல் நீளம் மட்டும், வரி வரியாக, ஒழுங்காக. அதைக் கையுறை கழற்றாமல் தடவினேன். அப்புறம் அரை மணி நேரம் வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நீ சொன்னதால் அல்ல. எழுந்திருக்க மனம் வரவில்லை.

ஒவ்வொரு நாளும் இதைப் பார்த்துவிட்டா மேலே வந்து ரசத்தில் உப்பு கம்மி என்று சொல்லிக்கொண்டிருந்தாய்?

குழலி


பழவேற்காடு
5 செப்டம்பர்

குழலி,

உன் கடிதத்தை மாமாவிடம் படித்துக் காட்டினேன், மஞ்சள் கயிற்றை விட்டுவிட்டு. “பொம்பள புள்ள நெருப்ப பத்திகூட கவித எழுதுது, நீ இன்னாடான்னா கொசுவத்தி சுவிட்சப் பாத்து ஓடுற” என்றார். அக்கா சிரித்தாள். நான் எழுந்து ஏரிக்குப் போய்விட்டேன்.

செயின் கழற்றச் சொன்னபோது யோசிக்கவில்லை. இப்போது யோசிக்கிறேன். சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன்.

ஒட்டிக்கொண்டால் முறுக்காதே, ஹோல்டர் வாயைத் திறந்து ராடை விட்டுவிடு. அழுகைக்கு மருந்து தெரியாது. நானும் முதல் வாரம் அழுதேன், பட்டறை முதலாளி ராடு ஒட்டினதுக்கு ஒரு அறை, கண் எரிந்ததுக்கு ஒரு அறை கொடுத்தான். அந்தக் காலத்தில் கண்ணில் மண் கொட்டினது போல் இருந்தால் பச்சைப் பிள்ளைக்காரி வீட்டில் போய்த் தாய்ப்பால் கேட்டுக் கண்ணில் விடுவார்கள். எனக்கும் விட்டார்கள். கண்ணுக்குள் சீழ் வைத்ததுதான் மிச்சம். உனக்கு எரிந்தால் கண் ஆஸ்பத்திரி.

ரசத்தைப் பற்றிக் கேட்டாய். அந்தக் குளத்தை நான் தினமும் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சொல்ல ஆளில்லை. சொன்னால் இன்னா சொல்வது, இரும்பு தண்ணியாச்சுன்னா? எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டுவிட்டேன். வேறு யாருக்கும் தெரியவில்லை என்று நீ எழுதியபின் தெரிகிறது.

இப்போது நான் வேறு ஒன்றைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். படகுத்துறையில் உட்கார்ந்து இடது தோளுக்குக் கீழே விரல் வைப்பேன். இதயத்தின் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் ஒயரிங் போய்விட்டது என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினாரே. அந்த இடத்தில் இந்தப் பெட்டி ஒவ்வொரு தடவையும் ஒரு சொட்டு கரண்டு விடுகிறது. எறும்புகூட அதை உணராது. அதற்கு நான் எழுந்து நடக்கிறேன். எண்பது, தொண்ணூறு என்று வைத்து வேலை செய்தவன் நான். இவ்வளவு கொஞ்சம் கரண்டில் இவ்வளவு பெரிய வேலை நடந்து நான் பார்த்ததில்லை.

அதனால்தான் பயம். பெரியது பக்கத்தில் வந்தால் சின்னது வாயை மூடிக்கொள்ளும் என்று பயம்.

நீ செய்வது சந்தோஷமாகத்தான் கீது. வருவதற்குத்தான் கால் வரவில்லை. ஷட்டரை முழுசாக இறக்கு, கீழே ஒரு விரல் இடைவெளிகூட வேண்டாம், பசங்க படுத்துக்கொண்டு எட்டிப் பார்ப்பார்கள்.

பாபு


விம்கோ நகர்
11 செப்டம்பர்

பாபு,

பாபு என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். கவனித்தேன்.

நல்ல செய்தி முதலில். முதல் ஸ்டாண்டு நிற்கிறது. அம்முக்கா அதன் மேல் ஏறி உட்கார்ந்து சோதித்தாள். “என் எடை தாங்குச்சுன்னா வஞ்சிரமெல்லாம் சும்மா.” ஆனால் கறுப்புப் பைப்பு வேண்டாமாம். உப்புத் தண்ணீரில் ஒரே மழையில் துரு ஏறும் என்றாள். மற்ற பெண்களும் சேர்ந்து அவர்களே வெள்ளைப் பைப்பு வாங்கி டிரை சைக்கிளில் கொண்டுவந்து இறக்கினார்கள். பளபளவென்று, மீன் வயிறு மாதிரி.

நேற்று அதில் செய்தேன். முற்றிலும் வேறு நெருப்பு. குளத்தைச் சுற்றி மஞ்சள் பச்சையாக ஒரு வளையம். வெள்ளைப் புகை, பஞ்சு பஞ்சாக. பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்தில் வெண்மையாகப் பூத்தது. ஷட்டரை இறக்கியிருந்தேன், அடியில் நனைத்த கோணி செருகி. உள்ளே பனி இறங்கியது போல ஆனது. ஒற்றை பல்பைச் சுற்றி அந்தப் பனி சுழன்றது. அதையே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு அழகு.

சாயங்காலம் உடம்பு சரியில்லை. தண்ணீர் குடித்தேன், இனித்தது. டீ இனித்தது, சர்க்கரை போடாமலே. பிறகு குளிர். இரண்டு போர்வைக்குள் பல் அடித்தது. மார்பு இறுகியது. கிளினிக்கில் டெங்குவாக இருக்கலாம் என்று ரத்தம் எடுத்தார்கள். இல்லை என்று வந்தது. இன்று மத்தியானம் எல்லாம் போய்விட்டது, கைகால் அசதி மட்டும். பருவம் மாறுகிறது, அவ்வளவுதான்.

மீதி வெள்ளைப் பைப்பை நாளை மறுநாளிலிருந்து தொடர்கிறேன். மழைக்கு முன் முடித்துவிடலாம்.

23ஆம் தேதி உனக்குச் செக்கப். மறக்கவில்லைதானே?

குழலி


பழவேற்காடு
15 செப்டம்பர்

குழலி,

கடிதம் இப்போதுதான் வந்தது. நிறுத்து. படிக்கும்போது கையில் ராடு இருந்தால் கீழே வை.

அது டெங்கு இல்லை, பருவம் இல்லை. வெள்ளைப் பைப்பு மேல் இருப்பது துத்தநாகப் பூச்சு. நெருப்பில் அது ஆவியாகிறது. நீ பார்த்த பனி அதுதான். அதை மூச்சில் இழுத்தால் சாயங்காலம் குளிர்க்காய்ச்சல் வரும், வாய் இனிக்கும். மறுநாள் போய்விடும், அதனால் ஆள் மறுபடி போய் நிற்பான். திரும்பத் திரும்ப இழுத்தால், மூடின இடத்தில் இழுத்தால், சும்மா விடாது. பால் குடித்தால் சரியாகும் என்று பட்டறையில் சொல்வார்கள். நம்பாதே. மூச்சு வாங்கினால், இருமினால் உடனே ஆஸ்பத்திரி. வெள்ளைப் பைப்பு புகை என்று வாய்விட்டுச் சொல்.

இதை நான் எழுதவில்லை. எனக்கு ஞாபகமே வரவில்லை. தெருவில் செய்தவனுக்குக் காற்று இருந்தது. புகை என்று ஒன்று இருந்ததே தெரியாமல் கடல் பக்கம் போய்விடும். ஷட்டரை இறக்கு, விரல் இடைவெளி வேண்டாம் என்று எழுதினது நான். பசங்க கண்ணை நினைத்தேன். உன் மூச்சை நினைக்கவில்லை.

துறையில் ஒரு படகுக்காரரிடம் போன் வாங்கினேன். வலது காதில் வைத்து உனக்கு அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். மறுபடி. நீ எடுக்கவே இல்லை. அவருக்குக் கடலுக்குப் போக நேரமாகிவிட்டது.

போனை வாங்கும்போது நெஞ்சில் பெட்டி இருப்பது எனக்கு ஞாபகம் வரவில்லை. திருப்பிக் கொடுத்த பிறகுதான் வந்தது.

இதைக் கூரியரில் அனுப்ப பொன்னேரிக்குப் போகிறேன். பதில் போடு. ஒரு வரி போதும்.

பாபு


விம்கோ நகர்
18 செப்டம்பர்

பாபு,

உயிரோடு இருக்கிறேன். ஒரு வரி. இனி மற்றவை.

நீ அடித்தபோது நான் கவசத்துக்குள் இருந்தேன். தெரியாத நம்பரில் மிஸ்டு கால் என்று வரிசையாக இருந்தது. திரும்ப அடித்தேன், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. கடலுக்குள் என்று அதற்குச் சொல்லத் தெரியவில்லை.

அன்று கறுப்புப் பைப்பில் ஒரு கேட்டுக்கு ஒட்டு போட்டுக்கொண்டிருந்தேன். அந்த வேலை குறுக்கே வந்ததால், காய்ச்சலுக்குப் பிறகு உன் கடிதம் வரும்வரை வெள்ளையைத் தொடவில்லை. டாக்டரிடம் போய் வாய்விட்டுச் சொன்னேன். நெஞ்சுக்குப் படம் எடுத்தார். சுத்தம்.

இப்போது ஷட்டர் முழுக்க மேலே. தெருப் பக்கம் தகரத் தட்டி, ஆள் உயரம், அடியிலும் மேலேயும் காற்று போகும்படி. பின்பக்கத்தில் புகையை இழுத்து வெளியே தள்ள ஃபேன். பற்றவைக்கும் இடத்தில் மட்டும் பூச்சைத் தேய்த்து எடுத்துவிடுகிறேன், முகமூடி போட்டுக்கொண்டு. தேய்த்த இடத்துக்கு அப்புறம் பெயின்ட். அம்முக்காவிடம் சொன்னபோது, “துரு புடிக்காதது வோணும்னு கேட்டது நானு. காய்ச்சலு வந்தது உனுக்கா?” என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் எதிர் வீட்டு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். “நீ கொளுத்து. எந்தப் புள்ள கண்ணு இந்தப் பக்கம் வருதுன்னு நான் பாக்குறேன்.”

இனிப்பாக இருந்த தண்ணீரை நினைத்துக்கொள்கிறேன். நஞ்சு அவ்வளவு அழகாக இருக்கலாம் என்று எனக்குத் தெரியாது. பஞ்சு போல. பல்பைச் சுற்றி.

உன் டாக்டரையும் பார்த்தேன். கீழே நான் வெல்டிங் செய்கிறேன், மேலே அவர் இருக்கலாமா என்றேன்.

“அவரே செய்ய வேண்டாம். மிஷின், ஒயர், நெருப்பு எதுவும் அவர் கைக்கெட்டும் தூரத்தில் வேண்டாம். அறைக்கு அந்தப் பக்கம் தள்ளி நிற்கலாம். மாடியில் தூங்குவதற்கு என்னை எதற்குக் கேட்கிறீர்கள்? ஆனால் அவருடைய பெட்டியைப் பார்த்துவிட்டுத்தான் முடிவாகச் சொல்வேன். முதலில் ஆளைக் கூட்டி வாருங்கள்.”

ஆளை நான் கூட்டி வர முடியாது. ஆள்தான் வர வேண்டும்.

பாபு, தெளிவாக எழுதுகிறேன். இந்த நெருப்பை நான் விட விரும்பவில்லை. உன்னையும். இரண்டும் ஒரு கூரைக்கடியில் இருக்க முடியாது என்று செக்கப்புக்குப் பிறகும் உனக்குத் தோன்றினால், எழுது. ஸ்டாண்டுகள் முடிந்ததும் மிஷினைக் கொடுத்துவிடுகிறேன். உன்னைத் திட்டாமல் கொடுப்பேன் என்று சொல்ல முடியாது. ஆனால் கொடுப்பேன்.

குழலி


பழவேற்காடு
24 செப்டம்பர்

குழலி,

நேற்று செக்கப்புக்கு வந்தேன். உன்னிடம் சொல்லவில்லை.

பொன்னேரியில் ரயில் ஏறினேன். மேலே கம்பியில் இருபத்தைந்தாயிரம் வோல்ட். எல்லாரும் கடலை தின்றுகொண்டு வந்தார்கள். அத்திப்பட்டு தாண்டியும் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எண்ணூர் வந்தபோது பக்கத்தில் ஒரு அம்மா, “கைல அடி பட்டுச்சா நைனா?” என்றாள். அப்போதுதான் கையை எடுத்தேன். ஒன்றும் ஆகவில்லை. பெட்டி அது பாட்டுக்கு வேலை செய்தது.

ஆஸ்பத்திரியில் தோள் மேல் வட்டமாக ஒன்றை வைத்தார்கள். கம்ப்யூட்டரில் என் இதயம் கோடு கோடாக வந்தது. ஒவ்வொரு கோட்டுக்கும் முன்னால் ஒரு சின்னக் குச்சி. “இந்தக் குச்சி நாங்க கொடுக்குறது, பின்னாடி வர்றது நீங்க” என்றது கம்ப்யூட்டர் பார்த்த பொண்ணு. நூறு துடிப்பில் ஏறக்குறைய நூறும் அந்தக் குச்சிக்குப் பின்னால்தான் வருகிறதாம். ஆஸ்பத்திரியை விட்டு வந்ததிலிருந்து ஒரு இடத்தில்கூட விடவில்லை. மிக்ஸி, கிரைண்டர், படகுக்காரர் போன், ரயில் எல்லாம் கடந்து வந்திருக்கிறது. நான் ஓடி ஒளிந்த அத்தனை நாளும் அது ஒரு நாளும் ஓடவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறந்து உட்கார்ந்திருந்தேன். அந்தப் பொண்ணு சிரித்தது.

டாக்டர் உன்னிடம் சொன்னதையே சொன்னார். ராடு பிடிக்க இனி முடியாது. அதைக் கேட்கும்போது வலித்தது. வலிக்கும் என்று நினைத்ததைவிடக் கொஞ்சம் கம்மியாக.

திரும்பும்போது விம்கோ நகரில் இறங்கினேன். நம் தெருவுக்கு வந்தேன். எதிர்ப்பக்கம் டீக்கடைத் தூண் பக்கத்தில் நின்றேன்.

தகரத் தட்டிக்கு மேலே சுவர் நீலமாகத் துடித்தது. நான் அந்தப் பக்கம் நேராகப் பார்க்கவில்லை. மனிதர்களைப் பார்த்தேன். இத்தனை வருஷம் நான் கவசத்துக்குள் இருந்ததால் இதைப் பார்த்ததே இல்லை. டீ ஆற்றுகிறவன் கை நீலமானது. சைக்கிளில் போனவர் பல் நீலமானது. சாக்கடைத் தண்ணீர் வெள்ளியானது. பகல் வெளிச்சத்திலேயே. யாரும் நிமிரவில்லை. நம் தெருவில் இவ்வளவு நாள் நான் இதைச் செய்துகொண்டிருந்தேனா என்று இருந்தது.

அப்புறம் சத்தம். ஆரம்பத்தில் உன் சத்தம் நீளமாக இருந்தது, ராடைத் தூக்கிப் பிடித்திருந்தாய். கொஞ்சம் இறக்கு, இறக்கு என்று எனக்குள் சொன்னேன். இறக்கினாய். அப்பளம் பொரிவது போல ஒரே சீராக வந்தது. அதைத் திருத்த என்னிடம் ஒன்றும் இல்லை.

அம்முக்கா ஸ்டூலிலிருந்து பார்த்துவிட்டாள்.

“இன்னா மாமே, உன் வூட்ட நீயே ஒளிஞ்சுகினு பாக்குற?”

“கத்தாதக்கா. அவகிட்ட சொல்லாத.”

“நான் இன்னாத்துக்கு சொல்றேன். நீ உள்ள போயேன், யாரு புடிச்சிகினு கீறாங்க?”

“ராடு பாதியில கீது.”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஸ்டூலைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

நிஜமான காரணம் அதுதான் குழலி. உள்ளே வந்திருந்தால் நீ என்னைப் பார்த்ததும் சுவிட்சை அணைத்திருப்பாய். எனக்காக அணைத்த மிஷினைத் தாண்டி மாடி ஏற எனக்கு இஷ்டமில்லை. அடுத்த பஸ்ஸில் அக்கா வீட்டுக்குத் திரும்பிவிட்டேன், துணிமணி எடுக்க.

மிஷினைக் கொடுக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். அன்றைக்கும் உனக்கு வேலை இருக்கும், மழைக்கு முன் முடிக்க வேண்டியது நிறைய என்று அம்முக்கா சொன்னாள். நான் வாசலில் நிற்பது தெரிந்தாலும் நிறுத்தாதே. கவசத்தைத் தூக்காதே. கையில் இருக்கும் ராடு தீரும்வரை செய்.

நான் தள்ளி நிற்கிறேன்.

பாபு